சுவருக்கு உள்ளே ஒரு சின்னக் குருசு

அத்தியாயம் 6

"உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்டார் வக்கீல் வன்னியபெருமாள்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் மாசானம் வாயிலிருந்து பீடியை எடுத்தான். "எது அண்ணாச்சி?"

"தண்டல் சிலுவைக்குப் பிறந்த பிள்ளையைப் புதைச்சீகளே. சுவருக்கு உள்ளேயா, வெளியேயா?"

"உள்ளதான். அப்பன் காலடியில."

வன்னியபெருமாள் திரும்பித் தம் உதவியாளர் அற்புதமணியைப் பார்த்தார். பதினைந்து வருடம் கோர்ட்டில் டைப் அடித்துவிட்டு, "ஊர்ப் பொய்யை எல்லாம் மூணு காப்பி எடுத்தது போதும்" என்று வேலையை உதறிவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தவள். இந்த வழக்கில் முதன்முறையாக அவள் புருவம் மேலே ஏறியது.

"காட்டும்" என்றார் வன்னியபெருமாள்.

மணலில் கால் புதையப் புதைய மூவரும் நடந்தார்கள். தூத்துக்குடி வெயில் கல்லறைச் சுண்ணாம்பில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. அப்பால் கடல். புது ஹார்பரில் ஏதோ கப்பல் சங்கு ஊதியது.

வழக்கு இதுதான். தோணித் தண்டல் சிலுவை, அதாவது கொழும்புக்குப் பாய்மரத் தோணி ஓட்டும் மாலுமிகளுக்குத் தலைவன், சென்ற ஆண்டு தோணியிலேயே இறந்துபோனான். பாய் கட்டும் மரம் முறிந்து தலையில் விழுந்தது. வயது முப்பத்து மூன்று. அந்த வயதில் யார் உயில் எழுதுகிறார்கள்? அவனும் எழுதவில்லை. கடற்கரைச் சந்தில் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய ஒரு வீட்டையும், ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி பிலோமினாவையும் விட்டுப் போனான். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே தம்பி விக்டர்.

பிலோமினாவுக்குப் பிரசவம் கடுமையாக இருந்தது. நினைவு தப்பிவிட்டது. நினைவு திரும்பியபோது தொட்டில் காலி. "பிள்ளை தங்கலைம்மா" என்றார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

இப்போது விக்டர் அந்த வீட்டில் பாதி கேட்கிறான். பாதி வீட்டை வெட்டிக் கொடுக்க முடியாது. மொத்தமாக விற்றுத்தான் பிரிக்க வேண்டும். பிலோமினாவின் தையல் மிஷின் அந்த வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது. வீடு போனால் பிழைப்பும் போகும். நாளை மறுநாள் சப் கோர்ட்டில் விசாரணை.

மாசானம் ஒரு கல்லறையின் காலடியில் நின்றான். முழ நீள மணல் மேடு. சுற்றிலும் உடைந்த சங்குகள் பதித்திருந்தன. ஒரு சின்ன மரக் குருசு. அதில் தார் பெயிண்டில் இரண்டே எழுத்து: மரி.

"விக்டர் அண்ணாச்சிதான் பெட்டியைத் தூக்கிட்டு வந்தாரு" என்றான் மாசானம். "'எங்க அண்ணன் மகன்டே, பைய வையி'ன்னாரு. குருசும் அவர் செஞ்சதுதான்."

"ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையை இங்கன வைப்பீகளா?"

"வைக்க மாட்டோம். சாமியார் விட மாட்டாரு. அதுக எல்லாம் சுவருக்கு அங்கிட்டு, உடைமரத்தடியில. குருசு கிடையாது, செபம் கிடையாது."

"கோயில் சட்டம் நல்லா தெரிஞ்சு வச்சிருக்கியே. நீ வேதக்காரனா?" என்றாள் அற்புதமணி.

"நானா? எங்க குலசாமி சுடலைமாடன்லா."

"மாசானம்னா சுடுகாடுலா, பேரைப் பாத்துட்டே வேலை குடுத்திருக்காவ."

வன்னியபெருமாள் குனிந்து குருசையே பார்த்துக்கொண்டிருந்தார். "மகனுக்கு மரின்னா பேரு?"

"மரியதாஸ்னு எழுத வந்திருப்பாவ. பெயிண்ட் தீந்திருக்கும்" என்றாள் அற்புதமணி. "வாங்க அண்ணாச்சி, பசிக்கி."

*

டீக்கடை பெஞ்சில் அவள் ஒரு பன் வாங்கினாள். வாயருகே கொண்டுபோகும்முன் வன்னியபெருமாள் அதைப் பிடுங்கி இரண்டாகப் பிய்த்தார்.

"இது சிலுவையோட வீடு."

"இது என்னோட பன்."

"கவனி அற்புதம். கிறிஸ்தவன் உயில் எழுதாமச் செத்தா, 1925-ஆம் வருசத்து வாரிசுச் சட்டம். மனைவி இருக்கா, பிள்ளை இல்லைன்னா பாதி மனைவிக்கு. மீதிப் பாதி அவன் ரத்த உறவுக்கு. தாய் தகப்பன் இல்லாததால அது தம்பிக்கு." ஒரு பாதியைத் தள்ளி வைத்தார். "விக்டர் கேக்கிறது இதைத்தான். சட்டப்படி தப்பே இல்லை."

"பொண்டாட்டிக்குப் பாதி, கொழுந்தனுக்குப் பாதியா? இவன் என்ன அவ கூட ராத்திரி பகலா தோணிக்குப் பாய் தைச்சானா?"

"இதுல வேடிக்கை ஒண்ணு இருக்கு. இதே வீடு ஆழ்வார்திருநகரியில ஒரு இந்துவோட வீடுன்னு வையி. அவங்க சட்டத்துல மனைவி முதல் வரிசை, தம்பி ரெண்டாம் வரிசை. முதல் வரிசையில ஒரே ஒரு ஆள் இருந்தாலும் ரெண்டாம் வரிசை வாசல்லயே நிக்கணும். தம்பிக்கு ஒண்ணும் கிடையாது."

"ரெண்டு பேரும் குடிக்கிறது ஒரே தாமிரபரணித் தண்ணிதானே."

"தண்ணி ஒண்ணு. சட்டம் வேற." அவர் கடைக்காரரை நோக்கி விரலை உயர்த்தினார். "இன்னொரு பன்."

"சட்டம் படிக்க ரெண்டு பன் ஆகுது" என்றாள் அற்புதமணி.

இரண்டாவது பன்னை அவர் மூன்றாகப் பிய்த்தார். அவர் கண்களில் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. ஒரு கடிகாரத்தின் முதுகைத் திறந்தவன் முகத்தில் வருமே, அது.

"இப்ப சிலுவைக்கு ஒரு பிள்ளை இருக்குன்னு வையி. மனைவிக்கு மூணுல ஒண்ணு. பிள்ளைக்கு மூணுல ரெண்டு. தம்பிக்கு எதுவும் இல்லை."

"பிள்ளை அப்பன் செத்ததுக்கப்புறம்லா வந்தது?"

"அதுக்கும் சட்டம் இடம் வச்சிருக்கு. தகப்பன் சாகும்போது வயித்துல இருந்த பிள்ளையும் பிறந்த பிள்ளைக்குச் சமம். ஒரே ஒரு நிபந்தனை. அது உயிரோட பிறக்கணும். ஒரு மூச்சு விட்டாப் போதும். அந்த ஒரு மூச்சுல மூணுல ரெண்டு பங்கு வீடு அது பேருக்கு வந்துரும்."

"அப்புறம் அது செத்துப் போச்சே."

"அங்கதான் நீ பாக்கணும்." இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்தார். "இப்ப செத்தவன் சிலுவை இல்லை. ஒரு மூச்சு வாழ்ந்த அவன் மகன். அந்த மகனுக்கு யார் வாரிசு? தகப்பன் இல்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி இல்லை. தாய் மட்டும்தான். எல்லாம் தாய்க்கு." இரண்டு துண்டுகளையும் மூன்றாவதோடு சேர்த்து வைத்தார். பன் முழுதாயிற்று. "வீடு மொத்தமும் பிலோமினாவுக்கு."

"விக்டருக்கு?"

"தட்டு."

அற்புதமணி முழுப் பன்னை எடுத்துக்கொண்டாள். "ஞானஸ்நானம் உயிரோட இருக்கிற பிள்ளைக்குத்தானே குடுப்பாவ?"

"செத்த பிள்ளைக்குக் கிடையவே கிடையாது. சுவருக்கு உள்ள இருக்குன்னா ஞானஸ்நானம் வாங்கியிருக்கு. வாங்கியிருக்குன்னா உயிர் இருந்திருக்கு. அதனாலதான் விக்டர் அந்தக் குருசைப் பத்தி யாருகிட்டயும் மூச்சு விடலை."

"பிள்ளை விட்ட மூச்சை இவன் அடக்கி வச்சிருக்கான்."

"ஆனா குருசைக் கூண்டுல ஏத்த முடியாதே. கோயில் புத்தகத்துலயும் ஞானஸ்நானம் ஏறலை. சாமியாரைக் கூப்பிட நேரம் இருந்திருக்காது. அப்படின்னா தண்ணி ஊத்தினது யாரு?"

"பிரசவம் பாத்தவ" என்றாள் அற்புதமணி, வாய் நிறையப் பன்னோடு. "செல்லக்கனி. இப்ப கீழவைப்பார்ல மக வீட்டுல இருக்கா. பஸ்ஸுக்கு நீங்க எடுங்க, பன்னுக்கு நான் குடுத்துட்டேன்."

*

கீழவைப்பாரில் செல்லக்கனி மகள் வீட்டு நிழலில் அமர்ந்து சாளை மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள். காதில் பாம்படம் கழற்றிய துளைகள் தொங்கின.

"பிலோமினா அனுப்பிச்சாளா?" என்றாள், அவர்கள் சொல்லி முடித்ததும். "எப்படி இருக்கா?"

"வீடு போயிரும் போல இருக்கு ஆத்தா" என்றாள் அற்புதமணி. "பிள்ளை உயிரோட பிறந்துச்சுன்னு தெரிஞ்சா வீடு நிக்கும்."

கிழவியின் கை நின்றது. பிறகு நிமிர்ந்தாள்.

"உயிரோடதான் பிறந்துச்சு. அழுதுச்சு. நல்லா அழுதுச்சு."

அற்புதமணி வன்னியபெருமாளின் முழங்கையைக் கிள்ளினாள். அவர் உணரவே இல்லை.

"ஞானஸ்நானம் நீங்கதான் குடுத்தீகளா? நீங்க வேதம் இல்லையே?"

"வேதம் இல்லைய்யா. ஆனா கடற்கரையில பிரசவம் பாக்கிறவ அதைப் படிச்சுக்கிடணும். கன்னியாஸ்திரி மடத்து அம்மாமாரு சொல்லிக் குடுத்தாக. ஆபத்துன்னா யாரும் ஊத்தலாம், மனசு சரியா இருந்தாப் போதும்னாக. அந்த மந்திரம் எனக்கு அப்படியே பாடம்."

"இதைக் கோர்ட்டுல வந்து சொல்லுவீகளா?"

"வாரேன். கார் வச்சுக் கூட்டிட்டுப் போவீகளா?"

"பஸ்தான் ஆத்தா. ஆனா ஜன்னல் சீட்டு" என்றாள் அற்புதமணி.

கிழவி சிரித்தாள். எல்லாம் முடிந்தது. அற்புதமணி குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். வன்னியபெருமாளும் செருப்பை மாட்டினார். ஒரு செருப்பை மாட்டியவர் மற்றதை மாட்டாமல் நின்றார்.

ஒரு விஷயம் எப்படி நடந்தது என்று புரியாமல் அதைத் தாண்டிப் போக அவரால் முடியாது. அதுதான் அவருக்குச் சோறு போட்டது. அதுவேதான் அன்று அவருடைய கட்சிக்காரியின் சோற்றில் மண்ணைப் போட்டது.

"ஆம்பளைப் பிள்ளைக்கு ஏன் மரின்னு பேர் வச்சீக?"

கிழவி அடுத்த மீனை எடுத்தாள்.

"இந்தக் கரையில ஆம்பளைக்கு மரியான்னு வைப்பாக, மரியதாஸ்னு வைப்பாக. வெறும் மரி பொம்பளைப் பேரு. பிள்ளையைக் கையில வாங்கினவ கண்ணுல முதல்ல படுறது அது ஆணா பெண்ணாங்கிறதுதான். பெத்தவளே முதல்ல அதைத்தான் கேப்பா. உங்களுக்கு அது தெரியாம இருந்திருக்கு." அவர் குரல் தானாகவே தாழ்ந்தது. சொல்லிக்கொண்டு போகும்போதே அது எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "பேர் வைக்கும்போது பிள்ளை உங்க கையில இல்லை. இல்லையா?"

அற்புதமணி தெருவிலிருந்து திரும்பி வந்தாள்.

"கால்தான்யா வந்துச்சு" என்றாள் செல்லக்கனி.

அவள் மீனைச் சட்டியில் போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"தலை வரவேண்டிய இடத்துல ஒத்தைக் கால் வந்துச்சு. தொட்டுப் பாத்தேன். உதைச்சுது. உயிர் இருக்குன்னு தெரிஞ்சுது, நிலைக்காதுன்னும் தெரிஞ்சுது. சொம்புத் தண்ணியை அந்தக் கால்ல ஊத்தி மந்திரத்தைச் சொன்னேன். எது வெளிய தெரியுதோ அதுல ஊத்துன்னுதான் அம்மாமாரு சொல்லிக் குடுத்தாக. காலை வச்சு ஆணா பெண்ணான்னு எப்படிக் கண்டேன்? அந்த மாதிரி வர்ற எல்லாத்துக்கும் மரிதான். மாதா பேரு. எதுக்கும் ஆவும். விக்டர்கிட்டயும் அந்தப் பேரைத்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

"உடம்பு வந்துச்சு. தலை சிக்கிக்கிச்சு." கிழவி நிறுத்தினாள். "வந்தப்போ ஒண்ணுமில்லை. சொம்புல பாதித் தண்ணி வச்சிருந்தேன்யா. கால்ல ஊத்தின பிள்ளை உயிரோட வெளிய வந்தா, தலையில மறுபடி ஊத்தணும். அதுக்குன்னு வச்சிருந்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். நெஞ்சு ஏறுதா, உதடு அசையுதான்னு. கடைசியில அந்தத் தண்ணியில என் கையைக் கழுவினேன்."

கோழி ஒன்று சட்டியருகே வந்தது. யாரும் விரட்டவில்லை.

"ஏன் அழுதுச்சுன்னு சொன்னீக?" என்றாள் அற்புதமணி.

"வீடாவது நிக்கட்டுமேன்னுதான். கோர்ட்டுலயும் அப்படியே சொல்லுதேன். எனக்கு என்ன வந்துச்சு?"

அற்புதமணி வன்னியபெருமாளைப் பார்த்தாள். அவர் கூடாது என்று தலையை அசைத்தார்.

"அந்தக் குருசுல பேரை எழுதினவனே விக்டர். அவன் வக்கீலும் இந்தக் கரைக்காரர். நான் கேட்டதை அவரும் கேப்பாரு. மகனுக்கு ஏன் மரி, தண்ணியை எங்க ஊத்தினீக, எத்தனை தரம் ஊத்தினீகன்னு. தலையில ஊத்தினேன்னு அப்பச் சொல்லுவீகளா?"

"அது மட்டும் மாட்டேன்" என்றாள் கிழவி உடனே.

"அழுதுச்சுன்னு சொல்லலாம், இதைச் சொல்லக்கூடாதா?"

"அழுதுச்சுன்னு சொன்னா பாவம் எனக்கு. அது கிடந்துட்டுப் போவுது. அந்தப் பிள்ளை கால்ல ஊத்தின தண்ணியோட சாமிகிட்ட போயிருக்கு. தலையில ஊத்தினேன்னா கால்ல ஊத்தினது இல்லைன்னு ஆயிரும், அப்ப அது எங்க போய் நிக்கும்? சுவருக்கு வெளிய கொண்டு போடவா?"

*

திரும்பி வந்த பஸ்ஸில் அற்புதமணி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகப் பின்னால் ஓடின.

"செருப்பை மாட்டிட்டு வந்திருக்கலாம் அண்ணாச்சி" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"வேற வழி இல்லையா? எந்தச் சட்டத்துலயும்?"

அவர் யோசித்தார். இப்போதும் அவரால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. "கோயிலுக்கும் சட்டத்துக்கும் கேள்வி வேற வேற அற்புதம். கோயில் கேக்கிறது, தண்ணி படும்போது உயிர் இருந்துச்சா? ஒரு கால் உதைச்சாப் போதும், கதவைத் திறந்துரும். சட்டம் கேக்கிறது, உயிரோட பிறந்துச்சா? அதுக்கு முழுப் பிள்ளையும் வெளிய வந்து மூச்சு விட்டிருக்கணும். நாம கோயில் கதவு திறந்திருக்கிறதைப் பாத்துட்டு ரெண்டு கதவும் திறந்திருக்குன்னு நினைச்சுட்டோம். விக்டர் சொல்றதுதான் சட்டப்படி சரி. பாதி அவனுக்கு."

"மேலோகத்துல முழுசா இடம் குடுத்துட்டு, கீழ பாதி வீடு குடுக்க மாட்டேங்குது." அவள் அதை வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். முடிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிலோமினா முன்னறையில் மிஷினில் இருந்தாள். பள்ளிச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைக் கையால் பிடித்தாள்.

வன்னியபெருமாள் எதையும் மறைக்கவில்லை. வரிசையாகச் சொன்னார். மாசானம், குருசு, செல்லக்கனி, கால், தண்ணீர். கடைசியில் வீடு.

"அப்ப வித்துருவாக" என்றாள் அவள்.

"விப்பாகம்மா. உனக்குப் பாதி வரும். அந்தப் பாதியில இந்தத் தெருவுல ஒரு வீடு வாங்க முடியாது."

அவள் தலையாட்டினாள். அழவில்லை. சட்டைக் காலரை எடுத்து மடியில் வைத்து நீவினாள்.

"உள்ளயா இருக்கு?" என்றாள். "சுவருக்கு உள்ளயா?"

"உள்ளதான். சிலுவை காலடியில. விக்டர் சொல்லலையா?"

"பிரசவம் கழிஞ்சு நான் எந்திரிக்கிறதுக்குள்ள வீட்டுப் பேச்சு வந்துருச்சு. அதுலேர்ந்து அவுக என்கிட்ட பேசுறதில்லை, நானும் கேக்கலை. தங்காத பிள்ளைன்னா வெளியதான் இருக்கும்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை தோறும் உடைமரத்தடியில மெழுகுதிரி கொளுத்தி வச்சுட்டு வாரேன். காத்துக்கு நிக்கவே நிக்காது." வாசலைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரவுக கல்லறைக்கும் போவேன். தலைமாட்டுல நின்னு செபம் சொல்லிட்டு வந்துருவேன். காலடிப் பக்கம் போய்ப் பாத்ததில்லை."

பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"உதைச்சுதாமா?"

"நல்லா உதைச்சுதுன்னு சொன்னாக" என்றாள் அற்புதமணி. அந்த 'நல்லா'வை அவள்தான் சேர்த்தாள்.

"எந்தக் கால்?"

வன்னியபெருமாளுக்கு, செல்லக்கனி எத்தனை தரம் ஊற்றினாள் என்று தெரியும், எதற்காக மிச்சம் வைத்தாள் என்று தெரியும், எந்தச் சட்டம் எந்த இடத்தில் கதவைச் சாத்தியது என்று தெரியும்.

"அதை நான் கேக்கலை" என்றார்.

"எப்பவும் வலப்பக்கம்தான் உதைக்கும்" என்றாள் பிலோமினா. தன் விலாவில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்கன. அவுக கையை வச்சுப் பாப்பாக. அதான் கேட்டேன்."

வன்னியபெருமாள் எழுந்து வாசலுக்கு வந்தார். செருப்பைத் தேடினார்.

"அற்புதம், கீழவைப்பாருக்கு அடுத்த பஸ் எப்ப?"

வழக்கு முடிந்துவிட்டது, இனி யார் கூலி தருவார்கள் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள்.